மூன்றாவது மெத்தை

"நீங்க அனுப்புனது மெத்தையா, சிமெண்ட் தரையா?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கேட்டுக்கொண்டு நின்றவன் மெத்தைக் கடை விற்பனையாளன் பஞ்சு. அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. யார் வந்து எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல வராத ஆளுக்கு, அதுவும் மெத்தைக் கடையில், வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"சார், நீங்க ரெண்டு பேரும் கடைக்கு வந்து பாத்துத்தானே எடுத்தீங்க?"

"பாத்து எடுத்தது என் வீட்டுக்காரம்மா. அவங்க பல் டாக்டர். நாள் பூரா குனிஞ்சு நிக்கறாங்க, முதுகுவலி. அதனால ஹார்டா வேணும்னு எடுத்துட்டாங்க. நான் அப்ப காரை நிறுத்த எடம் தேடிக்கிட்டிருந்தேன். என் கஷ்டம் வேற. நான் தூக்கத்துல பிரேக் போடுவேன்."

"என்ன போடுவீங்க?"

"பிரேக். தொழில் அப்படி. கத்துக்க வர்றவங்க ஓட்டுவாங்க, நான் பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக்ல காலை வச்சுக்கிட்டே இருப்பேன். தூங்கறப்பவும் கால் தானா அழுத்துது. அழுத்துற காலுக்குக் கொஞ்சம் உள்ள போக எடம் வேணாமா? குதிகால் வீங்கிப்போச்சுப்பா."

பஞ்சுவுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. அவனிடம் உள்ள கோளாறே அதுதான். மற்ற விற்பனையாளர்கள் பாவப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு மறுத்துவிடுவார்கள். இவனுக்கு முகத்துக்கு முன்னால் மனசு இளகிவிடும்.

"மாத்திடலாம் சார். சாஃப்டா ஒண்ணு இன்னிக்கே அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். பின்னால் முதலாளி நின்றிருந்தார்.

முதலாளியின் தலைக்கு மேலே, 'வாங்கிய மெத்தை ஒரு முறை மட்டும் மாற்றித் தரப்படும்' என்ற பலகை தொங்கியது. 'ஒரு முறை மட்டும்' சிவப்பில் எழுதப்பட்டிருந்தது. அது முதலாளியே பெயிண்ட் வாங்கி எழுதியது.

"ஒரு தடவை மாத்தலாம், தப்பில்ல" என்றார் முதலாளி. "ஆனா அவர் பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே சரின்னுட்ட பாரு, அதைத்தான் சொல்றேன். நீ ரொம்ப சாஃப்ட்டுப்பா."

"சாஃப்டா இருந்தா நல்லதுதானே முதலாளி?"

"மெத்தைக்கு நல்லது. மேனேஜருக்கு ஆகாது."

பஞ்சு நிமிர்ந்தான். கடைக்குப் புதுக் கிளை திறக்கப் போகும் விஷயம் அவனுக்குத் தெரியும். அது அவன் வீட்டுக்குப் பின் தெருவில் வருகிறது என்பதும் தெரியும். இப்போது அவன் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறான். கிளம்பும்போதும் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். பிள்ளை வளர்கிறாள் என்பதையே போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பின் தெருவில் வேலை என்றால் தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அதோடு மேனேஜருக்கு நாற்காலி உண்டு. கடை நிறையக் கட்டிலும் மெத்தையும் கிடந்தாலும், விற்பனையாளன் எதிலும் உட்காரக் கூடாது.

"உன்னைப் போடணும்னுதான் எனக்கும் ஆசை" என்றார் முதலாளி. "ஆனா போட்டிக்கு என் மச்சான் இருக்கான். அவனுக்கு மெத்தைக்கும் தலகாணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா 'முடியாது'ன்னு சொல்லத் தெரியும். அவனுக்கு வீட்டுலேர்ந்து சிபாரிசு வேற. மாசக் கடைசிக்குள்ள நீ கொஞ்சம் ஹார்டா ஆயிட்டன்னா கிளை உனக்கு. இல்லேன்னா மச்சானுக்கு. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

பஞ்சு தலையை ஆட்டினான். எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற தலைதான்.

அந்தக் கடையில் மெத்தைகளுக்கு ஜிப் வைத்த உறை. ஹார்டுக்கு நீலம், சாஃப்டுக்கு வெள்ளை, மீடியத்துக்குச் சாம்பல். வேன் ஓட்டுகிறவர்தான் ஏற்றுகிறவர், இறக்குகிறவர் எல்லாம். கடையிலேயே பழைய ஆள். பஞ்சு அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணே, பல் டாக்டர் வீட்ல நீலத்தை எடுத்துட்டு, குடோன்லேர்ந்து வெள்ளை ஒண்ணைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடுங்க."

"அவ்வளவுதானே தம்பி? ஆச்சுன்னு வச்சுக்குங்க."

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வேன் திரும்பிவிட்டது. இந்த வயதில் இத்தனை சுறுசுறுப்பா என்று பஞ்சுவுக்கு ஆச்சரியம்.

நாலு நாள் நிம்மதியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் பல் டாக்டரே கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்துவதில்லை. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருக்க, பதில் வராது என்ற நம்பிக்கையில் பேசிப் பழகிய குரல்.

"படுத்தா இடுப்பு உள்ள போயிடுது. எழுந்திரிக்கணும்னா அவர் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கு. நேத்து கிளினிக்ல ஒருத்தருக்குப் பல்லைப் பாக்கக் குனிஞ்சேன், நிமிர முடியல. அவரும் வாயைத் திறந்துக்கிட்டு எவ்வளவு நேரம் இருப்பார்? எனக்கு ஹார்டுதான் வேணும். இல்லேன்னா இதைவிடக் கெட்டியா ஏதாவது கொடுங்க."

"டாக்டர், எங்க கடையில ஒரு தடவைதான் மாத்தறது..."

"அது அவர் கேட்டு மாத்துனது. நான் இன்னும் ஒரு தடவைகூடக் கேக்கலையே?"

இந்தக் கணக்கில் எங்கோ ஓட்டை இருப்பது பஞ்சுவுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. மூணு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் வார விடுமுறை. வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். 'டாக்டர் இன்னிக்கு வரமாட்டார்', 'டோக்கன் முடிஞ்சுபோச்சு', 'உள்ள விடமுடியாது' என்று காலையிலிருந்து மாலை வரை சிரித்த முகத்தோடு சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.

"குட்டக் குட்டக் குனியறீங்க, அப்புறம் தலை வலிக்குதுங்கறீங்க" என்றாள். "இதுல என்னங்க இருக்கு? நான் டாக்டரம்மா. நான் கேக்கறேன், நீங்க 'முடியாது'ன்னு மட்டும் சொல்லுங்க. காரணம் சொல்லாதீங்க. காரணம் சொன்னாத்தான் மாட்டிக்குவீங்க."

மகள் வேடிக்கை பார்க்கச் சோபாவில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஹலோ, எனக்கு மெத்தையை மாத்தணும்" என்றாள் மனைவி.

"முடியாது."

"பலே. எனக்கு முதுகு ரொம்ப வலிக்குதுங்க."

"முடியா... ரொம்பவா?"

"உக்காரக்கூட முடியல."

"தைலம் ஏதாவது தேச்சுப் பாத்தீங்களா டாக்டர்?"

மகள் கையைத் தட்டிச் சிரித்தாள். மனைவி விடவில்லை. ஒத்திகை மதியம் வரை நடந்தது. முடியும்போது பஞ்சு மெத்தையை மாற்றிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, கூடவே இரண்டு தலையணையும் இலவசமாகத் தந்திருந்தான்.

"அப்பா பாவம்மா, விட்டுடு" என்றாள் மகள்.

அந்த ஒரு வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தினமும் இவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதற்கு நாளைக்கு 'இல்லை' என்று சொல்லியே தீருவது என முடிவு கட்டினான்.

சொல்லவும் சொன்னான்.

"இல்ல டாக்டர்" என்றான் மறுநாள் தொலைபேசியில், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"என்ன இல்ல?"

காரணம் சொல்லக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் டாக்டரைக் காக்க வைக்க மனசு வரவில்லை.

"இல்ல... நாளைக்கு வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டியதில்லன்னு சொல்ல வந்தேன். இன்னிக்கே மாத்திடறேன். ஹார்டும் வேணாம், சாஃப்டும் வேணாம், நடுவுல மீடியம்னு ஒண்ணு இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரும்."

இது இரண்டாவது தடவை. முதலாளிக்குத் தெரிந்தால் கிளையும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு. முதலாளி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வேன்காரரைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, அந்த வெள்ளையை எடுத்துட்டு சாம்பலைப் போடணும். முதலாளி வர்றதுக்குள்ள முடியணும். அவருக்குத் தெரியவே கூடாது."

"கவலைய விடுங்க தம்பி. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடறேன்."

சொன்னபடியே முதலாளி கை கழுவித் திரும்புவதற்குள் வேன் கடை வாசலில் நின்றது. பஞ்சு அவருக்குத் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தான்.

நடுவில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் பிடிக்கும் என்பது பஞ்சுவின் கணக்கு. இரண்டு பேருக்கும் பிடிக்காமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூல்காரர் கூப்பிட்டு, "இன்னும் கல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டு, "இன்னும் அமுங்குது" என்றார். அதற்கு அடுத்த நாளும் இதே கதை. மூன்றாம் நாள் டிரைவிங் ஸ்கூல்காரர், "நாங்க ரெண்டு பேரும் உங்க முதலாளியைப் பாக்கக் கடைக்கே வரோம்" என்றார்.

பஞ்சு சிவப்பு எழுத்துப் பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

"நீங்க ஏன் சார் அலையணும்? நானே வீட்டுக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பல் வலி முதலாளி. பல் டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்."

பாதி உண்மைதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். முதலாளியும் நல்ல மனுஷன். "போய்ட்டு வா, எடுக்கச் சொன்னா எடுத்துடு, பயப்படாதே" என்று அனுப்பி வைத்தார்.

டாக்டர் வீட்டில் படுக்கையறை சின்னது. கட்டில் போக நடப்பதற்கு ஒரு சந்துதான் மிச்சம். சாம்பல் நிற மெத்தை சுருக்கமில்லாமல் கிடந்தது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"கையை வச்சு அமுக்கிப் பாத்தா என்ன தெரியும்? நீங்களே படுத்துப் பாருங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"பரவாயில்ல சார்..."

"படுங்க. அப்பத்தான் என் கஷ்டம் தெரியும்."

"என் கஷ்டம்" என்று திருத்தினார் டாக்டர்.

பஞ்சு செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் படுத்தான். இத்தனை வருஷம் மெத்தை விற்றவன், ஒரு நல்ல மெத்தையில் முதுகைச் சாய்த்தது அன்றுதான். வீட்டில் அவனுக்குப் பாய். நாள் முழுக்க நின்று நின்று மரத்துப்போன கால்கள் நீண்டன. இடுப்பில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

பதிலாகக் குறட்டைதான் வந்தது.

"தூங்கிட்டார்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர் மெதுவாக. "பாத்தியா? கெட்டியான மெத்தையில படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுது மனுஷனுக்கு."

"மெதுமெதுன்னு இருந்தாத்தாங்க இப்படித் தூக்கம் வரும்."

"தரையில படுத்தாலும் சில பேருக்கு வரும்."

எழுப்புவதா வேண்டாமா என்று கூடத்தில் உட்கார்ந்து இருவரும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். அதற்குள் பஞ்சுவின் செல்போன் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது டாக்டர் எடுத்தார்.

"ஹலோ, டாக்டர் பேசறேன்."

"டாக்டருங்களா? வணக்கம். எங்க கடைப் பையன் அங்க வந்தானே, எப்படி இருக்கான்?" என்றார் முதலாளி.

"நல்லாத் தூங்கறார்."

"மயக்க ஊசி போட்டீங்களா? பல்லை எடுத்தாச்சா?"

"பல்லா? அவர் எங்க கட்டில்ல படுத்துத் தூங்கறாருங்க. மெத்தையைப் பாக்க வந்தார். ரெண்டு தடவை மாத்தியும் சரியா வரல. நீங்க யாரு?"

அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

முதலாளி கடை வேனிலேயே கிளம்பி வந்தார். வேன்காரர் கீழே வண்டியிலேயே இருந்துகொண்டார். டாக்டர் கதவைத் திறந்து முதலாளியைப் படுக்கையறை வரை கூட்டிக்கொண்டு வருவதற்கும், டிரைவிங் ஸ்கூல்காரர் பஞ்சுவின் பாதத்தைப் பிடித்து உலுக்குவதற்கும் சரியாக இருந்தது.

"எழுந்திருங்க. வேற மெத்தை எப்ப வருதுன்னு சொல்லிட்டுப் போங்க."

நல்ல தூக்கத்தில் எழுப்பினால் பச்சைக் குழந்தைகூடச் சீறும். பஞ்சு எழுந்து உட்கார்ந்தான். கண் பாதிதான் திறந்திருந்தது. கதவருகே யார் நிற்கிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை.

"முடியாது" என்றான்.

"என்னது?"

"முடியாது சார். உங்க குதிகாலுக்கு ஒரு மெத்தை, அவங்க இடுப்புக்கு ஒரு மெத்தைன்னு என்னால ஓட முடியாது. மெத்தையில ஒரு கோளாறும் இல்ல. நான் தூங்குனேன்ல? ரெண்டு பேரும் படுங்க."

"இப்பவா?"

"இப்பவே. நீங்க இந்தப் பக்கம். டாக்டர், நீங்க அந்தப் பக்கம். பேசக் கூடாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். கணவரும் படுத்தார். இருவரும் கூரையைப் பார்த்தார்கள். பஞ்சு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பரவாயில்லையே" என்றார் டாக்டர், கொஞ்ச நேரம் கழித்து. "இடுப்பு நேரா நிக்குது."

டிரைவிங் ஸ்கூல்காரர் வலது காலை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறையும் அழுத்தினார். "உள்ள போகுது. ஆனா அளவாப் போகுது" என்றார் வியப்போடு. "அசல் பிரேக் மாதிரியே இருக்கு."

"இதையே மொத நாளே கொடுத்திருக்கக் கூடாதாங்க? எவ்வளவு அலைச்சல்!" என்றார் டாக்டர், படுத்தபடியே.

பஞ்சு வெற்றியோடு திரும்பினான். முதலாளி நிற்பதைக் கண்டான். தூக்கம் முழுசாகத் தெளிந்தது.

"முதலாளி... ரெண்டு தடவை மாத்திட்டேன். உங்களுக்குத் தெரியாமத்தான். பல் வலின்னதும் பொய்." மகளின் கால் போர்வைக்கு வெளியே நீட்டியிருப்பது கண்முன் வந்தது. "மச்சானுக்கே கொடுத்துடுங்க."

முதலாளி கட்டிலைப் பார்த்தார். அதற்குள் டிரைவிங் ஸ்கூல்காரருக்குக் கண் சொக்க ஆரம்பித்திருந்தது. முதலாளி பஞ்சுவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"பொய் சொன்னது தப்பு. அதுக்கு அப்புறமாத் திட்டறேன்" என்றார். "ஆனா இப்ப பேசுன பாரு ஒரு பேச்சு! என் மச்சான் இதுவரைக்கும் கஸ்டமரை வெளியிலதான் அனுப்பியிருக்கான். நீ கட்டில்ல படுக்க வச்சு வாயை மூட வச்சிட்ட. இதைவிட ஹார்டா ஒரு மேனேஜர் எனக்கு எங்க கெடைப்பான்? கிளை உனக்குத்தான்."

பஞ்சுவுக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, லிஃப்டில் மாடி எண் காட்டும் விளக்கைப் பார்த்தபடி நின்றான்.

முதலாளிக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "எனக்கு ஒண்ணு புரிஞ்சுபோச்சுப்பா. ஹார்டு வித்தா அவருக்கு ஆகல. சாஃப்ட் வித்தா அவங்களுக்கு ஆகல. புதுக் கடை முழுக்க இந்த மீடியத்தைத்தான் அடுக்கணும். நாளைக்கே கம்பெனிக்கு ஆர்டர் போட்டுடு, பெரிய ஆர்டரா. 'சண்டையில்லாத மெத்தை'ன்னு வாசல்ல எழுதி வச்சிடலாம். குடோன்ல இப்ப எவ்வளவு கெடக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கீழே வந்ததும் அவர் செல்போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மச்சானைக் கூப்பிட்டார். "இல்லப்பா. முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்" என்று அவர் சொல்வது பஞ்சுவுக்குத் தேனாகக் காதில் விழுந்தது.

வேன்காரர் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு ஜன்னல் அருகே போய் நின்றான். மேனேஜராகக் கேட்கும் முதல் கேள்வி என்பதால் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டான்.

"அண்ணே, டாக்டர் வீட்டுக்கு மூணாவதாக் கொண்டுவந்தீங்களே ஒரு மெத்தை, சாம்பல் உறை போட்டது. அதே சரக்கு குடோன்ல இன்னும் எவ்வளவு இருக்கு?"

வேன்காரர் முதலாளி நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாடி ஏறி குடோன்லேர்ந்து மெத்தையை எறக்க எனக்கென்ன தம்பி தலையெழுத்தா? மொத நாள் போட்ட அதே ஹார்டுதான் மேல அவங்க கட்டில்ல கெடக்கு, ரெண்டு தடவையும் அடுத்த தெருவுல வண்டியை நிறுத்தி உறையை மட்டும்தான் மாத்துனேன்."